100 ஸ்டாருக்கு 400 பட்டை... அந்த பேப்பர் கட்டர் வாங்கலாமா?

போன வருஷம் நவம்பர்ல ஆன்லைன்ல வாங்கின ஏ4 சைஸ் பேப்பர் கட்டர் பத்தின ரிவ்யூ இது. பார்சல் பிரிச்ச அன்னிக்கே அஞ்சு ஸ்டார் போடுற ஆள் நான் இல்ல, ஒரு கிறிஸ்மஸ் சேல் முடிஞ்சு அடுத்த சேலுக்கு வேலை ஆரம்பிச்ச பிறகுதான் எழுதுறேன். கம்பெனி பேரு சொல்லல, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, ஒரே சாமான் பத்து பேர்ல வருது. கீழ வெள்ளை பிளாஸ்டிக் பலகை, அதுல சென்டிமீட்டர் கட்டம், மேல ஒரு தண்டவாளம், அதுல ஆரஞ்சு கலர்ல சின்ன பிளேடு டப்பா முன்னயும் பின்னயும் ஓடும். 600 ரூபாய்க்குள்ள வந்துச்சு. போட்டோ பாத்தா "ஓ இதா"ம்பீங்க.

எங்களுக்கு பாளையங்கோட்டை. எங்க சர்ச்ல டிசம்பர் மொத ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் பெண்கள் ஐக்கிய சங்கம் காம்பவுண்டுக்குள்ளயே சேல் போடும், கேக், அச்சு முறுக்கு, ஊறுகாய், பூ போட்ட தலையணை உறைன்னு ஆளாளுக்கு ஒரு மேஜை. எனக்கு சமையல் சேலுக்கு வைக்கிற அளவுக்கு வராது (வீட்டுக்காரர் இதை படிச்சா சிரிப்பார்), அதனால நான் பேப்பர் வேலை. கார்டு, கிஃப்ட் டேக், மரத்துல தொங்கவிடுற ஸ்டார். மூணு வருஷம் கத்தரிக்கோலும் ஸ்கேலும் வச்சே ஓட்டிட்டேன், நாலாவது வருஷம் கட்டை விரல் ஒத்துக்கல.

நான் செய்யுற ஸ்டாருக்கு ஜெர்மனியில ஃப்ரோபெல் ஸ்டார்னு பேரு. கிண்டர்கார்டன்ங்கிற வார்த்தையை 1840ல குடுத்தாரே ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், அவர் பேர்ல. பிள்ளைங்களுக்கு பேப்பர் மடிக்கிறதை பாடமாவே வச்சவர் அவர். ஒரே அளவுல நாலு பட்டை, ஒவ்வொண்ணையும் ரெண்டா மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைச்சு பாய் மாதிரி பின்னி, அப்புறம் மடிச்சு மடிச்சு சொருகணும். பசை ஒரு சொட்டு கிடையாது. தட்டையா எட்டு முனை, முன்னால நாலும் பின்னால நாலுமா கூம்பு மாதிரி நிக்கிற முனை எட்டு, மொத்தம் 16. பாக்குறவங்க மிஷின்ல செஞ்சதான்னு கேப்பாங்க, அதுல ஒரு அல்ப சந்தோஷம்.

இதுல சூட்சுமம் எல்லாம் பட்டையிலதான். அகலம் ஒரு பங்குன்னா நீளம் 25லருந்து 30 பங்கு வேணும். ஏ4 பேப்பரை நீளவாக்குல ஒரு சென்டி அகலத்துக்கு வெட்டினா 29.7 சென்டி நீளம் கெடைக்கும், கணக்கு கச்சிதமா இருக்கு, ஒரு ஷீட்ல 21 பட்டை, அஞ்சு ஸ்டார் போக ஒரு பட்டை மிச்சம். ஸ்டார் சுமார் 4 சென்டி வரும். நூறு ஸ்டார்னா 20 ஷீட், 400 பட்டை. கத்தரியில 400 பட்டை வெட்டிப் பாருங்க, அப்புறம் தெரியும் நான் ஏன் கட்டர் வாங்கினேன்னு.

சரி கட்டர் எப்படி இருக்குன்னா, கார்டு வேலைக்கு தங்கம். நிஜமாவே. 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு, நம்பர் கூடினா தடிமனும் கூடும்) அட்டையை ஒவ்வொண்ணா வச்சு இழுத்தா ஓரம் வெண்ணெய் வெட்டுன மாதிரி வரும், கத்தரியில வர்ற அந்த அலை அலையான ஓரம் இல்ல. ஏ4 அட்டையை நடுவுல 14.85 சென்டில வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடிச்சா கைக்கு அடக்கமா ரெண்டு கார்டு. பிளேடு டப்பாவுக்குள்ள ஒளிஞ்சு இருக்கறதால என் ஒன்பது வயசு மகளும் பக்கத்துல உக்காந்து வெட்டுறா, பயம் இல்ல. பிளேடை மாத்தி கோடு மட்டும் போடுற இன்னொரு டப்பாவும் கூட வந்துச்சு, மடிக்கிற இடத்துல அதை ஒரு இழுப்பு இழுத்துட்டு மடிச்சா நேரா மடியுது. அது இல்லாதவங்க மை தீர்ந்த ரீஃபில் வச்சு ஸ்கேல் ஓரமா அழுத்தி கோடு போடுங்க, அதே ரிசல்ட்தான், நான் மூணு வருஷம் அதைத்தான் செஞ்சேன்.

ஒரு விஷயம், கோடு போட்டும் மடிக்கிற இடத்துல அட்டை வெடிச்சு வெள்ளையா நார் தெரியுதுன்னா கட்டரை திட்டாதீங்க, பேப்பரோட நார் ஓடுற பக்கத்தை பாருங்க. அட்டையை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாத்தா ஒரு பக்கம் சுலபமா வளையும், அந்த மடிப்பு நாரோட சேந்து போகுதுன்னு அர்த்தம். பெரும்பாலும் ஏ4ல நார் நீளவாக்குல ஓடும், அதனால முழு ஏ4ஐ குறுக்க மடிச்சா வெடிக்கும், பாதியா வெட்டி மடிச்சா வெடிக்காது. மொத வருஷம் இது தெரியாம பெரிய கார்டா 30 செஞ்சு அத்தனையும் நடுவுல வெடிச்சு, கோல்டு மார்க்கர் தடவி மறைச்சேன், யாரும் கண்டுபிடிக்கல.

இப்போ குறைக்கு வருவோம். எதுக்காக வாங்கினேனோ அந்த வேலைக்கு மட்டும் இது லாயக்கில்ல!

பட்டை வெட்டத்தான் வாங்கினேன். டப்பா மேல பத்து பேப்பர் ஒரே நேரத்துல வெட்டும்னு போட்டிருக்கு, 75 ஜிஎஸ்எம் சாதா பேப்பர்லயே மூணுக்கு மேல போனா அடியில இருக்கறது கிழியுது. சரி மூணு மூணா வெட்டுவோம்னு வெட்டினா, தண்டவாளம் பிளாஸ்டிக்ங்கிறதால நடுவுல லேசா வளைஞ்சு குடுக்குது, பிளேடை இழுக்கும்போது பேப்பரும் கூடவே ஒரு மயிரிழை நகருது. ஒரு முனையில 10 மில்லி, மறு முனையில 11 மில்லி. கார்டுல ஒரு மில்லி போனா யாருக்கும் தெரியாது. ஸ்டார்ல அது உயிர் போற விஷயம், 10 மில்லி சந்துக்குள்ள 11 மில்லி பட்டை எப்படி நுழையும், தள்ளித் தள்ளி நுனி கசங்கி, பாதி ஸ்டார் பின்னி முடிச்சப்புறம் நிக்கும், பிரிக்கவும் முடியாது. போன வருஷம் மொத 40 ஸ்டார்ல பதினேழு குப்பைக்கு போச்சு. இன்னொண்ணு, கடைசி மூணு நாலு பட்டை வெட்டும்போது பிடிக்கறதுக்கே பேப்பர் இருக்காது, விரலால அமுக்கிப் பிடிக்கணும், அது இன்னும் கோணும். ஒரு சின்ன வழி கண்டுபிடிச்சேன், பேப்பர் ஓரத்தை ஒரு பழைய அட்டையில செல்லோ டேப் வச்சு லேசா ஒட்டி, அட்டையோட சேத்து நகத்தி வெட்டினா ஓரளவு பரவால்ல. ஆனா அப்போ ஒவ்வொரு ஷீட்டாதான் வெட்டணும், நேரம் ரெண்டு மடங்கு.

பிளேடு இன்னொரு தலைவலி. மினுமினு கிளிட்டர் அட்டை வெட்டினேன், அதுல இருக்கற பொடி பிளேடை தேச்சிருச்சு போல, பத்துப் பன்னெண்டு ஷீட்லயே மழுங்கிப்போச்சு. மாத்து பிளேடு கூட வரல. திருநெல்வேலி டவுன்லயும் ஜங்ஷன்லயும் நாலு ஸ்டேஷனரி கடை ஏறி இறங்கினேன், "அது ஆன்லைன்ல தான் வரும்"னுட்டாங்க. ஆன்லைன்ல போட்டா அதே ஆரஞ்சு கலர், அதே போட்டோ, வந்து பாத்தா தண்டவாளத்துல லொடலொடன்னு ஆடுது, அளவுல ஒரு இம்மி வித்தியாசம். திருப்பி அனுப்ப நாள் தாண்டிருச்சுன்னு சொன்னாங்க, விட்டாச்சு. வாங்குறவங்க அதே ஆள்கிட்ட அதே ஆர்டர்ல மூணு பிளேடு சேத்து போட்டுருங்க, கிளிட்டர் அட்டைக்கு பழைய கத்தரி.

அப்போ 400 பட்டைக்கு என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. இங்க தான் எனக்கே என் மேல கோவம். எங்க ஸ்கூலுக்கு ரெக்கார்டு நோட்டு பைண்ட் பண்ற கடை ஒண்ணு இருக்கு, அங்க ஒரு பெரிய கட்டிங் மிஷின், பேப்பர் கட்டை மேலருந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கத்தி ஒரே இறக்கா இறங்கும். பத்து வருஷமா அந்த கடைக்கு போறேன், ஒருநாளும் தோணல. அழுதுட்டே போய் கேட்டேன், "அண்ணாச்சி, ஒரு சென்டி அகலத்துல பட்டை வெட்டித் தருவீங்களா?" அவர் என் ஸ்டாரை வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு, "ஒரு சென்டி வேணாம் டீச்சர், சிதறிப் போயிரும். ஒரு இஞ்சுன்னா சொல்லுங்க, டீ குடிச்சுட்டு வாறதுக்குள்ள தந்துருதேன்"னார்.

ஒரு இஞ்சுன்னதும் மண்டையில கணக்கு ஓடிச்சு. பெரிய கலர் பேப்பர் 20க்கு 30 இஞ்சுல வருது. நீளவாக்குல ஒரு இஞ்சா வெட்டினா சரியா 20 பட்டை, நீளம் 30 இஞ்சு, அதாவது ஒண்ணுக்கு முப்பது! அஞ்சு ஸ்டார், மிச்சமே இல்ல. ஸ்டாரும் நாலு இஞ்சு சைஸ்ல கம்பீரமா வரும், ஜன்னல்ல தொங்கவிடலாம். 20 ஷீட் குடுத்தேன், 400 பட்டை, எல்லாம் ஒரே அளவு, வெட்டுக்கூலி 60 ரூபாய். கட்டர் விலையில பத்துல ஒரு பங்கு. ஓரத்தை விரலால தடவிப் பாத்துட்டு அங்கயே நின்னுட்டேன், அண்ணாச்சி "என்ன டீச்சர், சரியில்லையா"ன்னு பயந்துட்டார். அந்த நூறுல ஒண்ணு கூட பாதியில சிக்கல.

பெரிய ஸ்டாருக்கு 75 ஜிஎஸ்எம் துவளும், 100லருந்து 120 வரைக்கும் எடுங்க, அதுக்கு மேல போனா கூம்பு முனை திரும்பாது. சார்ட் பேப்பர் வேணவே வேணாம். முக்கியமா நம்ம ஊர் டிசம்பர் மழையை மறக்காதீங்க, வடகிழக்கு பருவமழை நேரத்துல பேப்பர் ஈரம் இழுத்து அப்பளம் மாதிரி நமுத்துரும், நான் செஞ்சதும் எவர்சில்வர் தூக்குல போட்டு மூடி, கூட ஒரு துணி முடிச்சுல அரிசி வச்சிருவேன். ஜெர்மனியில அந்த காலத்துல ஸ்டாரை உருக்குன மெழுகுல முக்கி எடுப்பாங்களாம், நானும் பத்து ஸ்டார் வெந்நீர் பாத்திரத்துக்குள்ள கிண்ணம் வச்சு மெழுகுவர்த்தி உருக்கி முக்கினேன், ஈரம் பிடிக்கல, விறைப்பா நின்னுச்சு, ஆனா வெள்ளை பேப்பர் லேசா கண்ணாடி மாதிரி ஆயிருது, சிலருக்கு பிடிக்கும் சிலருக்கு பிடிக்காது.

சேல்ல என்ன வித்துச்சுன்னும் சொல்லிடுறேன், கட்டர் வாங்க யோசிக்கிறவங்களுக்கு அதுவும் கணக்குதான். குவில்லிங் (மெல்லிசான பேப்பர் பட்டையை சுருட்டி ஒட்டுற வேலை) பண்ணி ராத்திரி முழிச்சு செஞ்ச கார்டு 150 ரூபாய்னு வச்சேன், எல்லாரும் தூக்கிப் பாத்து "ரொம்ப அழகா இருக்கு"ன்னு கீழ வச்சுட்டு போயிட்டாங்க, எட்டுல ரெண்டு வித்துச்சு. எங்க பெரியம்மா வந்து "என்னட்டி இது, வெறும் காயிதத்துக்கு நூத்தம்பது ரூவாயா"ன்னு மேஜை முன்னாடியே கேட்டுட்டாங்க, பின்னால நின்ன ரெண்டு பேர் நைஸா கேக் மேஜைக்கு நகந்துட்டாங்க. ஸ்டார் ஒண்ணு 25, மூணு 60, அது அரை மணி நேரத்துல காலி. கிஃப்ட் டேக் பத்து சேத்து 30 ரூபாய், கார்டு வெட்டினதுல மிஞ்சின துண்டுலதான் செஞ்சேன், அதுக்கு காசுன்னு எதுவும் போகல, கட்டர்ல வெட்டி ஒரு ஓட்டை போட்டு நூல் கோத்தது அவ்ளோதான், சண்டே ஸ்கூல் பிள்ளைங்க இருவது ரூபாயை கையில பொத்தி வச்சுக்கிட்டு வந்து "அஞ்சு மட்டும் தருவீங்களா ஆன்ட்டி"ன்னு கேட்டு வாங்குச்சுங்க. கட்டர் போட்ட காசை எனக்கு மீட்டுக் குடுத்தது அந்த டேக்தான், ஸ்டார் இல்ல.

ஆக கார்டும் டேக்கும் நெறைய செய்யுறவங்க தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். ஸ்டார், குவில்லிங், பேப்பர் சங்கிலின்னு பட்டை வேலை செய்யுறவங்க பக்கத்துல பைண்டிங் கடை எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க, காலண்டர் அடிக்கிற சீசன்ல பிரஸ் பக்கம் போகாதீங்க, அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அக்டோபர் ஆரம்பத்துலயே குடுத்துருங்க.

இந்த வருஷம் நான் 40 ஷீட் குடுத்திருக்கேன், சிவப்பு 20, வெள்ளை 20. அண்ணாச்சி வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கார், அவர் பேத்திக்கு ரெண்டு ஸ்டார் வேணுமாம், கூலியில கழிச்சுக்கலாம்னார். அந்த ஆரஞ்சு பிளேடு ஆடாம பொருந்துறது எங்கயாவது கெடச்சா கமெண்ட்ல சொல்லுங்க.