தார் பளபளப்பை நம்பி சைட் வாங்காதீர்கள்: ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு நடந்தது

பெங்களூரில் சைட் (வீட்டு மனை) வாங்கப் பணம் சேர்க்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தாய்ப்பத்திரம், வில்லங்கம், கட்டா (சொத்து வரிப் பதிவு) எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துப் பார்த்துவிடுகிறோம். வீட்டு வாசலில் ஓடும் தெருவை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஆட்களை டிராக்டரில் ஏற்றிப் போனார்களே, அந்தப் பயத்தில் ஏரியும் ராஜகாலுவேயும் (பெரிய மழைநீர்க் கால்வாய்) பக்கத்தில் இல்லாத மேட்டு நிலமாகத் தேடினோம். சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகும் வழியில் ஒரு லேஅவுட் அமைந்தது. 2023 கடைசியில் 30க்கு 40 சைட் ஒன்றைப் பதிவு செய்தோம். முருகேஷ்பாளையத்தில் 14 வருடம் வாடகை வீட்டில் இருந்துகொண்டே மிச்சம் பிடித்த பணம், மாமியாரின் நகை, மீதிக்கு லோன். விற்க வந்த பையன் கிருஷ்ணகிரிக்காரன். "அக்கா, இந்த ரோட்ல கார் போனா டம்ளர் தண்ணி தளும்பாது" என்றான். பார்க்க அப்படித்தான் இருந்தது. 30 அடித் தெரு, கறுகறுவென்று தார், ஓரத்தில் மஞ்சளும் கறுப்பும் அடித்த கல்.

2024 பிப்ரவரியில் லேஅவுட் போட்டு விற்றவர்கள், பராமரிப்பை சைட்காரர்களான எங்கள் சங்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்று கூப்பிட்டார்கள். ஷாமியானா, பூஜை, வாழையிலைச் சாப்பாடு. பாயசம் வரும் நேரத்தில் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். உள் சாலைகள், வடிகால், யூஜிடி (பாதாள சாக்கடை) எல்லாவற்றையும் நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தோம் என்று அதன் நான்காவது பத்தியில் இருந்ததை எட்டு மாதம் கழித்துத்தான் படித்தேன்.

அந்த அக்டோபரில் மழை அடித்துப் பெய்தது. மூன்றாவது கிராஸில் நடுத்தெரு நீளத்துக்கும் ஒரு வாய்க்கால் போல உள்வாங்கியது. சாக்கடைக் குழாய் போகும் தடம் அது. சேம்பர் மூடிகள் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றன. எங்கள் எதிர் சைட்டுக்கு எம்-சாண்ட் இறக்க வந்த லாரியின் பின் சக்கரம் அச்சு வரை இறங்கி, கிரேன் வைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவும் சைட்காரர் தலையில்.

கார்த்திகையில் எங்கள் பூமி பூஜைக்கு வீட்டுக்காரரின் சித்தப்பா சேலத்திலிருந்து வந்தார். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்த ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கடப்பாரை நுனியை விட்டு நெம்பினார். தார் அடை மாதிரி ஒரே தகடாகப் பெயர்ந்து வந்தது. என் பையனின் பள்ளிக்கூட ஸ்கேலை வாங்கி வைத்துப் பார்த்தார். தார் 2 செ.மீ. கூட இல்லை. அடியில் 7 செ.மீ. ஜல்லியும் தூசியும். அதற்குக் கீழே விரலால் குத்தினாலே பொடியும் செம்மண்.

"ஏம்மா, இது ரோடே இல்ல. மண்ணு மேல தார் பூசியிருக்கான்."

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் தளத்தில் எங்கள் லேஅவுட்டுக்கு ஏற்றியிருந்த விவரத்தில் 15 செ.மீ. ஜிஎஸ்பி (அடியில் போடும் கிராவல், ஜல்லிக் கலவை), 15 செ.மீ. வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்து இறுக்கும் ஜல்லி), அதற்கு மேல் இரண்டு அடுக்குத் தார் என்று இருக்கிறது. குழாய் பதித்த பள்ளத்தை 15, 20 செ.மீ. மண்ணாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்காக இடித்து நிரப்ப வேண்டும் என்றார் சித்தப்பா. இங்கே ஜேசிபியால் ஒரே நாளில் தள்ளி மூடியதை வாட்ச்மேனே பார்த்திருக்கிறார்.

புகார் சொன்னதும் விற்றவர்கள் அந்தக் கடிதத்தைக் காட்டினார்கள். "நீங்கதான் திருப்தின்னு கையெழுத்து போட்டீங்களே மேடம்." அன்றைக்கு வயிறு எரிந்தது. ஆனால் 2016 ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு வேறு சொல்கிறது. சைட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வேலைத்தரத்தில் குறை தெரிந்து நாம் எடுத்துச் சொன்னால், 30 நாளில் விற்றவர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். தவறினால் நஷ்டஈடு. சாலையும் வடிகாலும் உள் வளர்ச்சிப் பணிகள் என்று அதே சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதனால் என்னைப் போல் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் ஓய்ந்துவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஸ்பீடு போஸ்ட் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் மழை விட்ட அரை மணி நேரத்தில் போய்ப் பாருங்கள். தெருவின் நடு உயர்ந்து இருபக்கமும் சரிய வேண்டும். நூற்றுக்கு 2 முதல் 2.5 என்ற கணக்கில், பாதி அகலம் 3 மீட்டர் என்றால் நடுப்பகுதி 6 முதல் 7.5 செ.மீ. உயரம். தண்ணீர் நடுவில் நின்றால் அங்கேயே கேள்வி கேளுங்கள். மண் இறுக்கத்துக்கு எடுத்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மண்ணில் சிறு குழி தோண்டி, மணல் நிரப்பி அளக்கும் எளிய சோதனைதான் அது. ஒழுங்காக ரோடு போட்டவரிடம் அந்தக் காகிதம் இருக்கும். திட்டக் குழுமம் உங்கள் சைட் நம்பரை விடுவித்த உத்தரவையும் கண்ணால் பாருங்கள். வேலை முடிந்த அளவைப் பார்த்துத்தான் விடுவிப்பார்கள்.

நாங்களும் அப்படி எழுதி அனுப்பினோம். எங்கள் நோட்டீஸ் போனதும் விற்றவர்களின் நான்கு ஆட்களும் ஒரு டிரம் தாருமாக வந்து, பள்ளத்துக்கு மேல் பூசப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் சைட் வாங்கிய வீட்டுப் பெண்கள் எல்லோரும் போய் நின்று, தோண்டிப் போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்றோம். கிளம்பிவிட்டார்கள். இப்போது ரெராவில் புகார் கொடுத்திருக்கிறோம். சித்தப்பா தோண்டிய குழியை மூடாமல் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் சைட் பார்க்க வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட வேலைக்கு அங்கேதான் இருப்பேன், ஸ்கேலும் என்னிடமே இருக்கிறது.