பழையபேட்டை தோல் பட்டறையில் ஒரு டிரெஸ்ஸாஜ் சேணம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய தோல் பட்டறை இருக்கிறது. மாடுகளுக்குக் கழுத்துப்பட்டை, சலங்கைப்பட்டை, வண்டிக்கு வார் என்று தைத்துத் தரும் அந்த இடத்தில்தான் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டிக்கான என் சேணத்தைப் பிரித்து, புதிய கம்பளி அடைத்து, வயிற்றுப்பட்டையை மாட்டும் வார்களையும் மாற்றி வாங்கினேன். வேலை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்தச் சேணத்தில் நாள்தோறும் பயிற்சி செய்து, இரண்டு போட்டிகளிலும் சவாரி செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தேசிய அணித் தேர்வுக்குத் தயாராகும் ஒருத்திக்குச் சேணம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டிரெஸ்ஸாஜில் 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்ட களத்தில், முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளைக் குதிரை ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் சுழியத்திலிருந்து பத்து வரை, அரை மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுப்பார்கள். சில அசைவுகளின் மதிப்பெண் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். இறுதியில் எல்லாம் சேர்ந்து ஒரு சதவீதமாக வந்து நிற்கும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் அடங்கிய இந்திய அணி, சிறந்த மூவரின் சதவீதங்களைக் கூட்டிய 209.205 புள்ளிகளுடன் தங்கம் வென்றதை நம்மில் பலரும் கொண்டாடினோம். அதே போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற சீனாவுக்கும் மூன்றாம் இடம் பெற்ற ஹாங்காங்குக்கும் இடையே இருந்த இடைவெளி 0.030 மட்டுமே. அங்கே குழுப் போட்டிக்கு வைக்கப்பட்ட பிரி செயின்ட் ஜார்ஜ் என்ற நிலையில்தான் நானும் சவாரி செய்கிறேன். ஒரே ஓர் அசைவில் குதிரை வலியால் முதுகை இறுக்கிக்கொண்டால் போகும் அரை மதிப்பெண், தேர்வுப் பட்டியலில் ஒருவரை மேலே ஏற்றி இன்னொருவரைக் கீழே இறக்கிவிடும்.

என் குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தோரோபிரெட். ஓசூருக்கு அடுத்த மத்திகிரியில், படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக 1824-இல் தொடங்கப்பட்ட அரசுக் கால்நடைப் பண்ணைக்குச் சற்றுத் தள்ளி ஒரு லாயத்தில் நிற்கிறான். இந்த இனத்துக்கே உரிய உயர்ந்த தோள்மேடும், அதற்குப் பின்னால் இரு பக்கமும் சற்றுக் குழிந்த முதுகும் அவனுக்கு உண்டு. அப்படிப்பட்ட முதுகில் சேணம் முன்பக்கம் இறங்கி உட்காரும். இதைச் சரிசெய்யச் சென்ற ஆண்டு வெளியூரில் ஒரு சேவையிடம் கொடுத்தேன். குதிரையை நேரில் பார்க்காமல், கைபேசியில் எடுத்து அனுப்பிய படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பக்கத்தில் கல் போலக் கம்பளியைத் திணித்து அனுப்பினார்கள். ரூ.18,000 செலவாயிற்று. இரண்டு வாரத்தில் அவன் இடப்பக்கம் வளையவே மறுத்தான். முன்னும் பக்கவாட்டிலுமாகச் சாய்ந்து செல்லும் ஹாஃப்-பாஸ் அசைவுக்கு வலப்பக்கத்தில் 6.5 வாங்கிய அதே குதிரை, இடப்பக்கத்தில் 5 வாங்கியது. அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று எண்ணி நான் அவனை மேலும் வற்புறுத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பட்டறையை நடத்தும் பெரியவரை அந்தத் தெருவே 'பாய்' என்றுதான் அழைக்கிறது. அவருடைய தகப்பனார் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைத்தவர் என்று எங்கள் லாயத்துக் குதிரைக்காரர் சொல்லித்தான் அங்கே போனேன். சேணத்தை மேசைமேல் வைத்ததும் அவர் அதைத் தொடவில்லை. "இத அப்புறம் பாத்துக்கலாம்மா, குதிரைய எங்க கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமார் 50 கிலோமீட்டர் பேருந்தில் வந்து இறங்கினார்.

விரித்த உள்ளங்கையைத் தோள்மேட்டிலிருந்து இடுப்புவரை ஒருமுறை மெதுவாக ஓட்டினார். பிறகு விரல் நுனிகளால் அதே தடத்தில் லேசாக அழுத்திக்கொண்டே வந்தார். இடப்பக்கத் தோள் எலும்பை ஒட்டி, மேட்டுக்கு நான்கு விரற்கடை கீழே, தோல் சட்டென்று சிலிர்த்தது. காதுகள் பின்னுக்குப் போயின. அந்த இடத்தை அவர் இரண்டாம் முறை அழுத்தவே இல்லை. "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதாம்மா இது. அது வாயத் தொறந்து சொல்லாது, நாமதான் பாக்கணும்" என்றார். அதன்பின் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் சேணத்துக்கு அடியில் விரிக்கச் சொல்லி, இருபது நிமிடம் சவாரி செய்யச் சொன்னார். இறங்கித் துணியை எடுத்துப் பார்த்தபோது இரு பக்கமும் வியர்வை பரவியிருந்தது. இடப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவு இடம் காய்ந்து கிடந்தது. அழுத்தம் மிகுந்த இடத்தில் வியர்வை வராமல் போவதுண்டு என்று படித்திருக்கிறேன். என் சேணத்துக்கு அடியில் அதைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. அவர் தையல் சுண்ணக்கட்டியால் அந்தக் காய்ந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். வளையும் ஈயப்பட்டையை முதுகில் மூன்று இடங்களில் படிய வைத்து, அந்த வளைவுகளை அட்டையில் வரைந்துகொண்டு புறப்பட்டார்.

வேலை ஒன்பது நாளில் முடிந்தது. பாதியில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அந்தத் துணி சுவரில் ஆணியில் தொங்க, பழைய கம்பளி கொக்கிக் கம்பியால் இழுக்கப்பட்டு, கட்டி கட்டியாகத் தரையில் கிடந்தது. கம்பளம் நெய்பவர்களிடம் கிடைக்கும் ஆட்டு மயிர் முரடு என்று அவரே ஒதுக்கிவிட்டதால், நீண்ட இழையுள்ள மென்மையான கம்பளியை நான்தான் வரவழைத்துக் கொடுத்தேன். அதைச் சிறிது சிறிதாகக் கையால் பிய்த்து அடைத்தார். ஒவ்வொரு பிடிக்கும் அட்டையை வைத்து அளவு பார்த்தார். முதுகெலும்புக்கு மேலே இருக்க வேண்டிய இடைவெளி குறையக் கூடாது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரெஸ்ஸாஜ் சேணத்தில் வயிற்றுப்பட்டையின் கொக்கி சவாரி செய்பவரின் காலுக்கு அடியில் உறுத்தாமலிருக்க, இந்த வார்கள் மிக நீளமாக இருக்கும். சவாரி செய்பவரின் உயிர் அவற்றில்தான் தொங்குகிறது. என் சேணத்தின் பழைய வார்களில் துளைகள் நீண்டு கிழியும் நிலைக்கு வந்திருந்தன. வாணியம்பாடியிலிருந்து வாங்கிய, மரப்பட்டையில் பதனிட்ட தடித்த தோலில் அவர் புதியவற்றை வெட்டினார். ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட மண் இது என்பதால், அந்தத் தோலின் வாசனையே எனக்கு ஊர் வாசனையாக இருந்தது. தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிராக இழுத்துத் தைத்தார். இந்தத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மீதித் தையல் பிரிந்து ஓடாது.

குதிரைக்கு ஆறு வாரம் ஓய்வும், கால்நடை மருத்துவரின் சிகிச்சையும் சேர்ந்தே நடந்தன. ஆகவே முன்னேற்றம் முழுவதையும் பட்டறையின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் சேணத்தைக் கண்டதும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவன் இப்போது அசையாமல் நிற்கிறான். சென்ற போட்டியில் இடப்பக்க ஹாஃப்-பாஸுக்கு 6.5 கிடைத்தது. அந்தச் சீட்டை மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. வலப்பக்க வாரில் ஒரு துளை மற்றவற்றின் வரிசையிலிருந்து நூலளவு விலகியிருக்கிறது. பயன்பாட்டில் தொந்தரவில்லை என்றாலும் கண்ணில் படுகிறது. கறுப்புச் சேணத்தில் பழுப்பு நூலால் தைத்துவிட்டார். சேணத்தின் உட்சட்டம் முறிந்திருந்தாலோ அகலத்தை மாற்ற வேண்டியிருந்தாலோ அவர் கை வைப்பதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அத்தகைய வேலைக்கு, சேணத் தொழிலுக்குப் புவிசார் குறியீடு பெற்ற கான்பூர் வரை அனுப்பத்தான் வேண்டும். ரசீது கிடையாது, எவ்வளவு ஆகும் என்பதையும் வேலை முடிந்த பிறகே சொல்வார். என்னிடம் கூலியும் தோலும் சேர்த்து ரூ.4,800 வாங்கினார். தை, மாசி மாதங்களில் எருது விடும் விழாக்களுக்கான பட்டைகள் குவிந்து கிடக்கும். அப்போது சேணத்தைக் கொண்டுபோனால் ஒரு மாதம்கூட ஆகலாம்.

புதுக் கம்பளி முதல் சில வாரங்களில் அமுங்கி இறங்கும் என்பதால், போட்டிக்கு முந்தைய வாரம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி கொண்டுபோனபோது, குறைந்த இடங்களில் மட்டும் ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அடுத்த தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, அதே வேட்டித் துணியில் இன்னொரு முறை வியர்வைத் தடம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பழைய சுண்ணக்கோடு அழியாமலிருக்க, அந்தத் துணியை அவர் இன்னும் துவைக்காமல் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறார்.