சிங்க்ரோநெட்டில் ஒரு பிபிஎஸ்: நீண்ட நாள் ஓட்டினால் தெரிவது

பிபிஎஸ் என்பது ஆட்கள் தொலைவிலிருந்து இணைந்து செய்தி எழுதவும் விளையாடவும் வரும் கணினிப் பலகை. அதை நடத்தும் மென்பொருளான சிங்க்ரோநெட்டை லினக்ஸில் நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். அதன்பிறகு ஓயாமல் வேலை வைப்பது, ஆட்கள் எழுத்துத் திரையில் நுழையும் வாசலான டெல்நெட் போர்ட் 23தான். 1978இல் வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூயஸும் சிகாகோவில் தொடங்கிய முதல் பிபிஎஸ்ஸான சிபிபிஎஸ்ஸுக்குப் போன் போட்டவர்கள் மனிதர்கள். இன்று கதவைத் தட்டுவது பெரும்பாலும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். 'ரூட்', 'அட்மின்' என்று பெயர் கொடுத்துப் பார்த்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே கிடக்கும். நான்கு நோடுகள் (ஒவ்வொன்றிலும் ஒருவர் நுழையும் இடங்கள்) இருந்து நான்கிலும் பாட் உட்கார்ந்துவிட்டால், உண்மையான ஆளுக்கு இடமில்லை.

போர்ட்டை 2323க்கு மாற்றிப் பயனில்லை. 2016இல் வந்த மிராய் என்ற தீநிரல் அதையும் துழாவியது. பலன் தருவது வேறு. லாகின் திரையில் சும்மா இருப்பவரை ஒரு நிமிடத்தில் வெளியேற்றுங்கள். சில தவறான முயற்சிகளுக்குப் பின் அந்த முகவரி தற்காலிகமாகத் தடையாகும்படி எஸ்பிபிஎஸ்.ஐஎன்ஐ கோப்பில் வையுங்கள். லாகினுக்கு முன் எஸ்கேப் விசையை இருமுறை அழுத்தச் சொல்வது மோடம் காலத்துப் பழக்கம். பாட்களைத் தடுக்க இன்றும் அருமையாக உதவுகிறது.

லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க ரூட் அனுமதி வேண்டும். அதற்காக முழு நிரலையும் ரூட்டாக ஓட்டாதீர்கள், அந்த ஓர் அனுமதியை மட்டும் தரும் செட்கேப் கட்டளை போதும். மறுபடி கம்பைல் செய்து கோப்பு மாறியதும் அந்த அனுமதி போய்விடும். அப்டேட்டுக்குப் பின் டெல்நெட் மட்டும் திறக்காவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்று பொருள். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்று எடுத்துவிடுவது நல்லது.

பிபிஎஸ்ஸுக்குள்ளிருந்தே ஆடும் தனி விளையாட்டுகளான டோர் கேம்கள்தான் ஆட்களைத் திரும்ப வரவழைக்கும். லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன் போன்ற பழைய டாஸ் விளையாட்டுகளுக்கு லினக்ஸில் டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்எமு2 வேண்டும். ஆடுபவர் யார் என்று விளையாட்டுக்குச் சொல்லும் டிராப் ஃபைல் ஒவ்வொரு நோடுக்கும் தனி அடைவில் விழ வேண்டும். எல்லா நோடுக்கும் ஒரே பாதை கொடுத்தால், ஒருவரின் கோப்பின் மேல் இன்னொருவருடையது எழுதப்பட்டு, ஆள் மாறி ஆட நேரலாம்.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு, பிபிஎஸ்ஸுகளுக்கென்றே எழுதிய டெர்மினல் நிரலான சிங்க்டெர்ம் ஏற்றது. சாதாரண டெர்மினல் யூனிகோடில் படிக்கும், எழுத்துகளாலும் நிறங்களாலும் ஆன ஆன்சி ஓவியங்களோ பழைய டாஸ் கணினிகளின் சிபி437 குறிமுறையில் வரைந்தவை. 219ஆம் எண்ணுக்குரிய முழுக்கட்டம் வர வேண்டிய இடத்தில் குப்பை எழுத்து வரலாம். சிங்க்டெர்மில் வேகத்தைப் பழைய மோடம் போல நொடிக்கு 9600 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் என்பதால், 80க்கு 25 திரை நிறைய இரண்டு நொடி ஆகும். ஓவியம் வரிவரியாக இறங்கும். அசையும் ஆன்சிகளை இதுபோன்ற மோடம் வேகங்களுக்காகவே வரைந்தார்கள். முழு வேகத்தில் அவை கண்ணில் படாமலே ஓடிவிடும்.

செய்திப் பகுதி வெறுமையாக இருந்தால் யாரும் தங்க மாட்டார்கள். பிபிஎஸ்ஸுகள் தமக்குள் செய்தி பரிமாறும் ஃபைடோநெட் போன்ற ஒரு வலையமைப்பில் சேருங்கள். அதன் அஞ்சல் நெறிமுறையான பின்க்பிக்குரிய 24554 போர்ட்டைத் திறக்காமலே, அரை மணிக்கொருமுறை நீங்களே ஹப்பை (செய்திகளைப் பகிரும் மைய பிபிஎஸ்ஸை) தொடர்புகொண்டு அஞ்சலை எடுத்துக்கொள்ளலாம். இணைப்பு சரியாக இருந்தும் செய்தி வராவிட்டால், பாக்கெட் (அஞ்சல் கட்டு) கடவுச்சொல் இரு பக்கமும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

நீங்கள் திருத்திய ஸ்கிரிப்டுகளை 'எக்ஸெக்' அடைவில் வைக்காதீர்கள், அப்டேட் அவற்றின் மேல் எழுதிவிடும். 'மாட்ஸ்' அடைவுதான் அவற்றுக்கான இடம். பேக்கப்பில் அதோடு 'கண்ட்ரோல்' (ctrl), 'டேட்டா', 'டெக்ஸ்ட்' அடைவுகளும் இருக்கட்டும். ஓவியங்கள் 'டெக்ஸ்ட்'டில்தான் இருக்கின்றன.