ஆச்சியின் காதைக் காணோம்: பழைய ஃபோட்டோவைக் கடையில் கொடுக்கும் முன்

வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய ஃபோட்டோவைப் புதுப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டு அப்புறம்தான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

ஃபோட்டோ 1958ல் தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவர் மடியில் பெரிய மாமா, பக்கத்தில் ஆச்சி நின்றிருப்பாள். மாமா தலையை ஆட்டிவிட்டதால் அவர் முகம் மட்டும் அன்றைக்கே கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. ஆச்சி காதில் பாம்படம். காதுச்சோணை தோள்வரை இறங்கியிருக்கும். 1980ல் அம்மா கல்யாணத்துக்கு அந்தப் பாம்படத்தை அழித்துத்தான் வளையல் செய்தார்களாம். அப்புறம் ஆச்சி காதையும் அறுத்துத் தைத்துக்கொண்டாள். பாம்படத்தோடு ஆச்சி இருக்கிற படம் இது ஒன்றே ஒன்றுதான்.

பின்பக்க அட்டையைப் பூச்சி அரித்திருந்தது. மழைக்காலத்து ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அங்கங்கே வெள்ளை பூத்திருந்தது. தை மாதம் தம்பி வீட்டுப் பால்காய்ப்பு. அதற்குள் சரிசெய்து புது வீட்டு ஹாலில் மாட்டலாம் என்று மதுரையில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கிழிந்த படம் ஒரு பக்கம், பளபளவென்று அதே படம் மறுபக்கம் என்று வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள்.

"விடுங்க சார், நேத்து எடுத்த மாதிரி ஆக்கித் தந்துடுறோம்" என்றார் கடைக்காரர். அந்த வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். 2,500 ரூபாய் பேசி, 1,500 ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல நம்பர் இருக்குல்ல சார்" என்றார். அப்படியே ஃபிரேமை மேசையில் சாய்த்து வைத்து, செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடையாளத்துக்காக எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேலே எரிந்த டியூப்லைட் கண்ணாடியில் கோடாகத் தெரிந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்து 12க்கு 18 அளவில் லேமினேட் செய்து கையில் கொடுத்தார்கள். கலர். முதல் பார்வைக்கு அருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்து வைத்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாருல?"

அதற்கப்புறம்தான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஆச்சிக்குப் பழுப்புக் கண். வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற ஆச்சிக்கு லேசாகப் பல் தெரிகிறது. காதில் பாம்படம் இல்லை, தொங்கும் சோணையும் இல்லை. சின்னதாக ஒரு கம்மல், அதற்குக் கீழே சோணை இருந்த இடத்தில் இரண்டு முடிக்கற்றை. மாமாவுக்குப் பத்து வயசுப் பையனின் முகம், அதுவும் கைக்குழந்தை உடம்பில். சேலை நீலம். அது அரக்குச் சேலை, பின்னால் தனக்கே அதில் தொட்டில் கட்டினார்கள் என்று அம்மா சொன்னாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் பதிவாகியிருக்காது, எந்த ஆப் போட்டாலும் அது ஊகம்தான். இதையெல்லாம்விட ஒன்று: தாத்தாவின் தோளிலிருந்து இடுப்புவரை ஜரிகை வைத்த அங்கவஸ்திரம் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அந்தக் காலத்தில் தாத்தாவிடம் அங்கவஸ்திரமே கிடையாதாம். கொஞ்ச நேரம் யோசித்த பிறகு பிடிபட்டது. அது அந்த டியூப்லைட்!

மறுநாள் போய் ஒரிஜினலைக் கேட்டேன். "ஸ்கேன் பண்ண வெளியே எடுக்கும்போது பிஞ்சு போச்சு சார், ஏற்கெனவே போன படம்தானே" என்று ஒரு கவரை நீட்டினார். உள்ளே தாள் மட்டும் இருந்தது. பாதிக்கு மேல் வெள்ளை. பிளேடு வைத்து நெம்பியிருக்கிறார்கள். படத்தை நாசம் செய்துவிட்டு, அன்றைக்கு எடுத்த செல்ஃபோன் படத்தையே ஏதோ ஒரு ஆப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் உருவம் தாளில் இருக்காது. தாளுக்கு மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளித் துகளாக இருக்கும். ஈரம் பட்டால் ஜெலட்டின் இளகும், தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியில் ஒட்டும். அதைப் பிய்த்தால் தாள் நம் கைக்கு வரும், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஆகவே ஒட்டிய படத்தைப் பிரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்க வேண்டும். இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆபீஸ்களில் இருக்கும் ஒல்லியான சிஐஎஸ் வகை ஸ்கேனரில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படம் மங்கலாகத்தான் வரும். கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கேனர் என்று கேட்டு எடுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபைல். அந்த ஃபைலை மட்டும் கடையில் கொடுங்கள், ஒரிஜினல் வீட்டை விட்டுப் போக வேண்டியதே இல்லை. ஃபைலையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும்.

"முகத்தை எப்படிச் செய்வீங்க?" என்று கட்டாயம் கேளுங்கள். இந்த ஏஐ ஆப்கள் தேய்ந்துபோன முகத்தை மீட்பதில்லை, புதிதாக வரைகின்றன. 2021ல் வந்த ஜிஎஃப்பிகேன் (GFPGAN) என்ற ஏஐ மென்பொருள் இந்த வகையில் பேர்போனது. ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களை வைத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். என் கடைக்காரர் எந்த ஆப்பில் போட்டார் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. எதுவாக இருந்தாலும், அது பார்த்துப் பழகிய முகங்களில் பாம்படம் போட்ட ஆச்சிமார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தெரியாத காதைத் தெரிந்த காதாக மாற்றிவிட்டது. ஆப்பை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு "ஒரிஜினல் மாதிரியே" என்று காசு வாங்கியவரைத்தான் சொல்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாதது பலவீனம்தான். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கின்றன. புகார் எண்ணை அனுப்பியதும் கடைக்காரர் 1,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். மீதிக்குப் பதிலே இல்லை.

அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அந்தக் கண்ணாடியைக் கேட்டதுதான். "அது எதுக்கு சார்?" என்று சிரித்தார். கடைப் பையன் பாவம், பின்பக்கம் உடைசல் கண்ணாடிக் குவியலில் தேடி எடுத்து வந்தான். கீழ்ப்பாதி இல்லை. மேல்பாதியில் தாத்தாவின் ஒரு தோள், ஆச்சியின் இடது கன்னம், கழுத்து, காது. பாம்படம் முழுசாக இருக்கிறது, அதன் உருண்டைகூட எண்ணிவிடலாம்.

பின்னால் வெள்ளைத் தாள் வைத்து அதை ஸ்கேன் எடுத்தாயிற்று. தாளில் மிஞ்சியதையும் கண்ணாடியில் இருப்பதையும் சேர்த்து, கையாலேயே போட்டோஷாப்பில் செய்து தருகிற ஒருவர் கிடைத்திருக்கிறார். மூன்று வாரம் கேட்டார். ஆச்சியின் வேறு வயசுப் படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். மாமா முகத்தை மட்டும் தொட மாட்டேன், அது அன்றைக்கே அப்படித்தானே என்று சொல்லிவிட்டார். பால்காய்ப்பு முடிந்துவிட்டது. தம்பி வீட்டு ஹாலில் அடித்த ஆணி இன்னும் சும்மாதான் இருக்கிறது.