எளிய வாழ்க்கைக்கு எந்த புக்கு? துணி யார் துவைச்சாங்கன்னு பாருங்க

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வீட்ல ஒருத்தர் சத்தமா படிக்கணும், மத்தவங்க கேக்கணும்னு ஒரு பழக்கம் ஆரம்பிச்சோம். எளிமையா வாழறது, கடவுள் நம்பிக்கை, உழைச்சு சாப்பிடுற குடும்பம், இது மூணும் தொடுற புக்கா இருந்தா நல்லதுன்னு தேடி கடைசில மூணு மிஞ்சுச்சு. தோரோங்கிற அமெரிக்க எழுத்தாளரோட வால்டன், பிரதர் லாரன்ஸ் பேர்ல வந்த தி ப்ராக்டிஸ் ஆஃப் த பிரசன்ஸ் ஆஃப் காட்ங்கிற சின்ன புக்கு, பெட்டி ஸ்மித் எழுதின எ ட்ரீ க்ரோஸ் இன் புரூக்ளின்ங்கிற நாவல். நாங்க எடுத்தது மூணாவது. ஏன்னு சொல்றேன், மத்த ரெண்டையும் குறைச்சு பேசுறதுக்காக இல்ல, எங்க வீட்டுக்கு எது ஒத்து வந்துச்சுன்னு சொல்றதுக்குத்தான்.

நடை, அழகு, பேர் புகழ்னு பார்த்தா வால்டன்தான் முதல்ல நிக்கும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. 1845 ஜூலை 4ல வால்டன்ங்கிற குளத்தங்கரையில தோரோ பத்தடிக்கு பதினஞ்சடி அறை ஒண்ணு தானே கட்டி குடி போறார், ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் இருக்கார், புக்கு வந்தது 1854. வீடு கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட்னு ஆணி வரைக்கும் கணக்கு எழுதியிருக்கார். ஒரு பொருளோட விலைங்கிறது அதுக்காக நாம குடுக்குற ஆயுசுன்னு அவர் சொல்ற இடத்தை படிச்சப்புறம் நான் தவணையில வாங்க நெனச்ச ரெண்டு சாமானை வாங்காமலே விட்டுட்டேன், அந்த அளவுக்கு உள்ள இறங்கும்.

ஆனா அந்த செலவு கணக்கை ரெண்டாவது தடவ படிக்கிறப்ப ஒரு வரியில நின்னுட்டேன். துணி துவைக்கிறது, தைக்கிறது எல்லாம் பெரும்பாலும் வெளியில நடந்துச்சு, அதுக்கான பில் இன்னும் வரலன்னு எழுதியிருக்கார். தினம் ரெண்டு பக்கெட் துணி அலசுறவளுக்கு அந்த வரி சும்மா தாண்டிப் போற வரி இல்ல. ஆணிக்கு கணக்கு இருக்கு, சட்டையை அலசுன கைக்கு கணக்கு இல்ல.

இன்னொரு இடம். மழைக்கு ஒதுங்க ஜான் ஃபீல்டுன்னு ஒரு அயர்லாந்து கூலிக்காரர் குடிசைக்குள்ள போறார். அந்த மனுஷன் பக்கத்து விவசாயிக்கு சதுப்பு நிலத்தை மண்வெட்டியால புரட்டிப் போடுறார், ஏக்கருக்கு பத்து டாலர் கூலி. புள்ளைங்க இருக்கு, கைக்குழந்தை அப்பா மடியில, கூரை ஒழுகுது, கோழிங்க உள்ளேயே நடக்குது. அங்க உக்காந்து தோரோ சொல்றார், டீ, காபி, வெண்ணெய், பால், கறி இதெல்லாம் விட்டுட்டா இவ்வளவு உழைக்க வேண்டியதே இல்லன்னு. ஜான் பெருமூச்சு விடுறார், அவர் பொண்டாட்டி இடுப்புல கைய வச்சுகிட்டு பாக்குறா. அவளைப் பத்தி கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டார், கையில எப்பவும் துடைப்பம், ஆனா துடைச்ச அடையாளம் எங்கயும் தெரியலன்னு. அந்த ஒழுகுற வீட்ல, கோழிகளுக்கும் குழந்தைகளுக்கும் நடுவுல, எப்படிங்க தெரியும்? அவ என்ன பேசினான்னு புக்குல ஒரு வார்த்தை இல்ல. எனக்கு அவளைத்தான் கேக்கணும்னு இருந்துச்சு.

லாரன்ஸ் புக்கு சின்னது, ஒரே உக்காரல்ல முடிஞ்சிடும். பதினேழாம் நூற்றாண்டு பாரிஸ்ல ஒரு மடத்து சமையல்கட்டுல வேலை பார்த்த சகோதரர், 1691ல இறந்தப்புறம் அவர் பேசினதையும் கடிதங்களையும் சேர்த்து போட்டாங்க. இவர் பாத்திரத்துக்கு நடுவுல நிக்கிற ஆளு, அதனாலேயே எனக்கு பிடிக்கும். சமையல் வேலை அவருக்கு சுத்தமா பிடிக்காது, ஆனா கடவுளுக்காகன்னு நெனச்சு முட்டை அடையை திருப்பிப் போடுறதையே ஜெபமா ஆக்கிக்கிறார். மனசு சோர்ந்த நாள்ல ரெண்டு பக்கம் போதும். ஆனா அங்க வாடகை கவலை இல்ல, குடிச்சிட்டு வர்ற புருஷன் இல்ல, காய்ச்சல்ல கிடக்குற குழந்தை இல்ல. நான் இதை ஒரே ஒரு தடவதான் முழுசா படிச்சிருக்கேன், வருஷக்கணக்கா கூட வச்சுப் படிக்கிறவங்க இதுக்கு மேல சொல்லலாம். பசங்களுக்கு சத்தமா படிக்க ஓடல, கதை இல்லையே.

இப்ப புரூக்ளின். 1943ல வந்துச்சு, ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க சிப்பாய்களுக்கு இலவசமா குடுத்த பதிப்புகள்லயும் இது இருந்துச்சு. நோலன் குடும்பத்துல அப்பா ஜானி ஹோட்டல்ல பாடிகிட்டே பரிமாறுற வேலை, நல்ல மனசு, குடிப்பழக்கம். அம்மா கேட்டி, குடியிருப்பு படிக்கட்டையும் தரையையும் தேச்சு கழுவுறா, அதுதான் வாடகைக்கு ஈடு. இங்க துடைப்பம் பிடிச்ச கை யாருதுன்னு கதை முழுக்க தெரியுது, எனக்கு முடிவு பண்ண இது ஒண்ணே போதுமா இருந்துச்சு.

காபி விஷயத்தை பாருங்க, தோரோ வெட்டச் சொன்னதுல அதுவும் ஒண்ணுதானே. கேட்டி தன் பொண்ணு ஃபிரான்சிக்கு சாப்பாட்டோட காபி தர்றா, அந்தப் பொண்ணு வாசனையும் சூட்டையும் மட்டும் ரசிச்சிட்டு அப்படியே தொட்டியில கொட்டிடுவா. கேட்டியோட கூடப் பிறந்தவங்க வீணா போகுதேன்னு திட்டுறாங்க. கேட்டி விடச் சொல்றா, நம்மள மாதிரி ஆளுங்களும் எப்பவாவது ஒண்ணை வீணாக்கிப் பார்த்தா தப்பில்ல, காசு இருந்தா எப்படி இருக்கும்னு தெரியட்டும்ங்கிற அர்த்தத்துல. எளிமைன்னா எதை விடணும்னு வசதி உள்ளவங்க சொல்லித் தர்றது ஒண்ணு, விட எதுவுமே இல்லாத வீட்ல ஒரு கப் காபியை புள்ளைக்கு உரிமையா விட்டு வைக்கிறது வேற.

நம்பிக்கையும் அப்படித்தான், உபதேசமா வராம வேலையோட வேலையா வருது. கேட்டியோட அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா தினம் ராத்திரி பைபிள்ல ஒரு பக்கம், ஷேக்ஸ்பியர்ல ஒரு பக்கம் புள்ளைக்கு படிச்சுக் காட்டுன்னு பொண்ணுக்கு சொல்றா. பால் டின்னை வெட்டி அலமாரியோட இருட்டு மூலையில ஆணி அடிச்சு தினம் அஞ்சு சென்ட் போடு, நிலம் வாங்கலாம்னும் சொல்றா. சாவு வீட்டுக்குள்ள வர்றப்ப அந்த நம்பிக்கை ஆட்டம் காணுறதையும் எழுத்தாளர் மறைக்கல.

குறையும் இருக்கு. ரொம்ப நீளம், நடுவுல அங்கங்க இழுக்கும். பொண்ணு மேல ஒருத்தன் கை வைக்க வர்ற பயங்கரமான ஒரு இடம் வருது, சின்னப் பசங்க கூட இருந்தா முன்னாடியே நீங்க ஒரு தடவ படிச்சு வச்சுக்கோங்க, நான் அந்தப் பக்கங்களை சின்னவன் தூங்கின பிறகுதான் படிச்சேன். தனியா இருக்குறவங்க, வேலையை விட்டுட்டு யோசிக்க நேரம் தேடுறவங்களுக்கு வால்டன்தான் சரின்னு இப்பவும் சொல்வேன்.

போன வாரம் அந்த டின்னை பிரிக்கிற இடம் வந்துச்சு. நிலம் வாங்க சேர்த்த காசு ஜானியை புதைக்கிற இடத்துக்குப் போகுது. அன்னிக்கு படிச்சிட்டிருந்தது பெரியவன், அந்த வரியில குரல் நின்னுடுச்சு, புக்கை என் பக்கம் தள்ளிட்டு எழுந்து போய் சாப்பிட்ட தட்டெல்லாம் எடுத்து கழுவ ஆரம்பிச்சான். மிச்சத்தை அவனுக்கும் கேக்குற மாதிரி நான் கொஞ்சம் சத்தமாவே படிச்சேன்.