குலதெய்வக் கோயிலா, வெலிங்டனா?
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ராணுவம்தான், அதுவும் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவு. பங்காளிகள், மாமன் மச்சான் எல்லாரும் சேர்ந்தால் 150 பேர். எங்கே கூடுவது?

குன்னூர் பக்கத்து வெலிங்டன் என்றால், தாத்தா பயிற்சி பெற்ற மண்ணைப் பிள்ளைகள் பார்க்கலாம். 1758-இல் தொடங்கிய அந்தப் படைப்பிரிவின் மையம் அங்கேதான். ஆனால் உள்ளே போக முன் அனுமதி வேண்டும். மே மாதம் அறை கிடைப்பதும் கஷ்டம்.

குலதெய்வக் கோயிலுக்கு மாசி சிவராத்திரி அன்று எப்படியும் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். பொங்கல், மறுநாள் கிடா விருந்து. தாத்தாவின் பதக்கங்களையும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கடிதங்களையும் ஆலமரத்தடியில் எடுத்து வைத்து, பெரியப்பாவைப் பேசச் சொல்லலாம். எண்பது தாண்டிய அத்தைகள் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடியே கேட்பார்கள். குளிர் அவர்களுக்கு ஆகாது.

என் ஓட்டு ஊருக்குத்தான். வெலிங்டனுக்கு அப்புறம் இளவட்டங்கள் வேனில் போய் வரட்டும்.