ஆளுநர் நாற்காலியா, சபை இருக்கையா? ஜோயி சல்செடாவின் இரு முகங்கள்

பிலிப்பைன்ஸில் மாகாண ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினரைப் போல அவருக்கும் மூன்றாண்டுப் பதவிக்காலம். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கூடாது. அதனால் அரசியல்வாதிகள் இரண்டுக்கும் நடுவே மாறிக்கொண்டே இருப்பார்கள். அல்பாய் மாகாணத்தின் சல்செடாவும் அப்படித்தான்: 1998 முதல் 2007 வரை சபை, அடுத்த ஒன்பதாண்டு ஆளுநர், 2016 முதல் 2025 வரை மறுபடியும் சபை.

ஆளுநராக அவர் செய்தது கண்ணுக்குத் தெரியும் வேலை. 2006 நவம்பரில் ரெமிங் புயலின்போது மாயோன் எரிமலைச் சரிவிலிருந்து சேறும் பாறையும் இறங்கி ஊர்களையே மூடின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மறு ஆண்டு பொறுப்பேற்றவர் வைத்த இலக்கு, ஓர் உயிர்கூடப் போகக்கூடாது என்பது. 2009-லும் 2014-லும் மாயோன் சீறத் தொடங்கியபோது, பெரிதாக வெடிக்கும்வரை காத்திராமல் அடிவாரக் குடும்பங்களை லாரிகளில் ஏற்றிப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். பேரிடர் அலுவலகம் அவருக்கு முன்பே இருந்ததுதான். அதற்குப் பணமும் அதிகாரமும் கொடுத்து முடுக்கியவர் அவர்.

சபையில் பொருளாதார நிபுணராக, வரிக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 2021-ல் நிறுவன வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்த சட்டத்தில் அவர் கை உண்டு. வீச்சு நாடு முழுக்க. ஆனால் வரி விகிதத்துக்கு எந்தக் கிராமத்தான் நன்றி சொல்வான்?

என் ஓட்டு ஆளுநர் சல்செடாவுக்கே. அல்பாய் வாக்காளர்களோ 2025-ல் அவர் அதே நாற்காலியைத் திரும்பக் கேட்டபோது நோயல் ரொசாலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.